நாலு லைனுக்கும் ஒரு கிளப்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பி.யு.சி. எழுதி முடித்த அந்தக் கோடையில் பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு மனுப் போட்டிருந்தேன். பதில் வந்ததா என்று தபால்காரரின் சைக்கிளைப் பாதி வழியிலேயே மறித்துக் கேட்பேன். "வந்தா குடுக்காம தின்னுடுவனா?" என்று அவர் மணியடித்துக்கொண்டே போவார். வீட்டுக்குத் திரும்பினால் ஒரே அறை. ராத்திரி ஷிப்ட் முடித்துவந்த அண்ணன் பாதி அறையை அடைத்துக்கொண்டு தூங்குவார். மீதிப் பாதியில் அடுப்பு, அண்ணி, தொட்டில். பேப்பரைப் புரட்டினால்கூடக் குழந்தை எழுந்துவிடும்.

"கிளப்புக்குப் போய் படியேன்பா, உனக்குப் புண்ணியமா போவும்" என்று அண்ணி விரட்டுவார்.

கிளப் என்றால் எங்கள் லைனின் கோடியிலிருந்த தகரக் கொட்டகை. தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசைக்கு லைன் என்று பெயர். பழைய மரச்சாமான்கள் கிடந்த கொட்டகையைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, புத்தர் படம் மாட்டி, நீள மேஜையும் கேரம் போர்டும் மின்விளக்கும் போட்டவர் எங்கள் தலைவர். சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இருமலும் மேடைப் பேச்சும் அவருக்கு மாறி மாறி வரும். சாவு வீட்டுக்கு பெஞ்சு தூக்குவது, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது, எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது எல்லாம் கிளப்பின் சேவை. நான் செக்ரட்டரி. வேகமாக எழுதுவேன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. எனக்கு அந்த மேஜையின் மூலைதான் உலகம். பெங்களூர் வேலைக்கான பரீட்சைக்கு அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். அந்த மூலை இல்லாவிட்டால் படிப்பும் இல்லை.

ஆனால் கிளப் இளைத்துக்கொண்டே வந்தது. வாலிபர்கள் ஒவ்வொருவராக பெங்களூர் ரயில் ஏறினார்கள். மிஞ்சியவர்களில் பாதிப் பேர் மாமன் மச்சான். கூட்டம் போட்டால் வீட்டுச் சண்டையின் இரண்டாம் பாகம் நடக்கும்.

பேத்தமங்களா ஏரியில் தண்ணீர் இறங்கியது அந்தக் கோடையில்தான். குழாயைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. குழாயடியில் பெண்கள் போடுகிற சத்தம் ஒரு சுருதி ஏறினாலே ஏரி இறங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நாலு லைனுக்கும் பொதுவான குழாயில் எந்த லைன் எத்தனை குடம் பிடித்தது என்று தினம் ஒரு சண்டை. ஒரு நாள் குடம் மண்டையில் விழுந்தது. மறுநாள் சுரங்கக் கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"உங்க கிளப் ஒரு லைன் கிளப்" என்றார், கொட்டகையை மேலும் கீழும் பார்த்து. "இந்த எடத்த ரேஷன் கடைக்குக் கேக்கறாங்க. நாளையிலேருந்து தண்ணி லாரி இங்கதான் நிக்கும். நாலு லைன்லயும் மெம்பர் சேருங்க. சண்டை இல்லாம தண்ணி ஊத்திக் குடுங்க. செஞ்சா ரூம் உங்களுது. இல்லன்னா மழைக்கு முன்னாடி நானே வந்து பூட்டு போடுவேன்."

ஜீப் புழுதி அடங்குவதற்குள் நான் செருப்பை மாட்டிவிட்டேன்.

"எங்கப்பா ஓடற?" என்றார் தலைவர்.

"மெம்பர் சேக்கத்தான்."

"கலக்கறதுன்னா சும்மாவா? பால்ல தண்ணி கலந்தா பால் நெறைய ஆவுது. அப்பால அது பாலா?"

"தண்ணியே இல்லாத ஊர்ல இதுதான் உவமையா, தலைவரே?"

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கொட்டகையின் ஒவ்வொரு தகரத்திலும் ஆணி அடித்தவர் அவர். எங்களை யாரும் பக்கத்தில் உட்கார வைக்காத காலத்தில் நாங்களே போட்டுக்கொண்ட பெஞ்சு அது. இப்போது எல்லோரும் வந்து உட்காரலாம் என்று நான் கூவிக்கொண்டு ஓடுகிறேன். அவருடைய தயக்கம் எனக்குப் புரியத்தான் செய்தது. நின்று யோசிக்கத்தான் நேரமில்லை.

இரண்டாவது லைனில் தெலுங்குக்காரர்கள். என் சொற்பொழிவைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்குளுக்கு பஜனைக் கோயில் கீதுப்பா. கேரம் வெளையாடினா மோட்சம் வருமா?" என்றார்கள். மூன்றாவது லைன் முழுக்க மாதா கோயில்காரர்கள். "பங்குச் சாமியாரக் கேட்டு சொல்றோம்" என்றார் ஒருவர். இன்னொருவர், "உங்க கிளப்புல புத்தர் படம் மாட்டிக்கீதே, எங்க மாதா படத்த எங்க மாட்றது?" என்றார். "சுவரு நாலு இருக்குதே!" என்றேன். அந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நாலாவது லைனில் பேத்தமங்களா பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த கன்னடக்காரர்கள். அவர்கள் மரியாதையாக மோர் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைத்தார்கள்.

மூன்று நாள் சுற்றியும் ஓர் ஆள் கூடத் தேறவில்லை. லாரி வந்து நின்றது. தலைவரும் நானும் பைப்பைப் பிடித்தோம். எங்கள் லைனுக்கே ஊற்றுகிறோம் என்று மற்ற மூன்று லைனும் கத்தியது.

அந்த வாரம் அண்ணனுக்குக் காலை ஷிப்ட். சைக்கிள் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார். எனக்கோ சைக்கிள் இல்லாவிட்டால் கால் இல்லை. ஷாஃப்ட் வாசலுக்கே போய் நின்றேன். மதியம் கேஜ், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு, மேலே வந்து கதவு திறந்தது. தலை முதல் கால் வரை ஒரே சாம்பல் நிறத்தில் ஒரு கும்பல் வெளியே வந்தது. அதில் என் அண்ணன் யார் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. தெலுங்கு லைனின் நெட்டை மனிதர் ஒருவர் அண்ணனின் பீடியில் தன் பீடியைப் பற்றவைத்தார். கதவைச் சாத்திய மாதா கோயில்காரர் ஒரு கன்னடக்காரரின் பிடரியில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று மொழியும் ஒரே வாக்கியத்தில் புரண்டது.

"இன்னாப்பா, உன் தம்பி கேஜு வரைக்கும் வந்துட்டான், உள்ள எறங்கப் போறானா?" என்றார் நெட்டை மனிதர்.

"இவன் எறங்கினா நாம மருந்து வெக்கவே தேவையில்ல" என்றார் அண்ணன். "பேசியே பாறைய ஒடச்சிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு மூளைக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது. மேலே நாலு லைனாகப் பிரிந்து கிடப்பவர்கள் கீழே ஒரே செட்டு. ஒருவர் முட்டுக்கொடுத்த மரத்தின் அடியில் இன்னொருவர் நிற்கிறார். நான் வீடு வீடாக அலைந்தது வீண். கேஜ் வாசலில் ஒரு வலை விரித்திருந்தால் போதும். அங்கேயே நின்று கேட்டேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சேருங்கடா, இல்லாட்டி வீட்ல என்னத் தூங்க வுடமாட்டான்" என்றார். செட்டு மொத்தமும், பன்னிரண்டு பேரும், சேர்ந்துவிட்டது.

அடுத்த சில நாள்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். மதியம் மூன்று மணிக்கு லாரி வரும். காலை ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டுச் செட்டு வந்து நிற்கும். ஒவ்வொரு லைனுக்கும் அந்தந்த லைனின் ஆளே பைப் பிடிப்பார். மாதா படம் இரண்டாவது சுவரில் ஏறியது. தலைவர் அது கோணலாக இருக்கிறது என்று தானே ஏறி நேராக்கினார். நான் மேஜை மூலையில் உட்கார்ந்து வெல்ஃபேர் ஆபீசருக்கு ஓர் அறிக்கை எழுதினேன். நாலு லைன், மூன்று மொழி, மூன்று சாமி, ஒரே சங்கம். இனி யார் வந்து பூட்டுப் போடுவார் என்று பார்க்கலாம் என்றிருந்தது.

திங்கட்கிழமை லாரி வந்தது. குடங்கள் வந்தன, தவலைகள் வந்தன, பிள்ளைகள் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். நான் விசிலை எடுத்துக்கொண்டு பெருமையாக நின்றேன்.

"மெம்பரு எல்லப்பா, எங்க போனாங்க?" என்றார் லாரி டிரைவர், கன்னடமும் தமிழுமாக. "பைப் யார் பிடிக்கிறது?"

திரும்பிப் பார்த்தேன். தலைவர் மட்டும் இருமிக்கொண்டு நின்றார்.

"இன்னா பாக்கற?" என்றார் அண்ணி, இடுப்பில் குடத்தோடு. "திங்கக்கெழம. ஷிப்ட் மாறிடுச்சு. உன் மெம்பருங்க எல்லாம் இப்பதான் சோத்து டப்பாவ தூக்கினு கீழ எறங்கனாங்க. ராத்திரிதான் வருவாங்க."

தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன் நான். சங்கு ஊதினால் இது எந்த ஷிப்ட் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். லைன் பார்த்தேன், மொழி பார்த்தேன், சாமி பார்த்தேன். பன்னிரண்டு பேரையும் ஒரே ஷிப்டில் பிடித்துவைத்திருக்கிறேன் என்பதை மட்டும் பார்க்கவில்லை. நாலு லைனுக்கும் பொதுவான சங்கம், அங்கத்தினர் அத்தனை பேரும் ஒரே கேஜில் பூமிக்கு அடியில்.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைப்பைப் பிடித்தார். தண்ணீரின் வேகத்தில் பைப் திமிறி அவருடைய வேட்டியையும் என் சட்டையையும் நனைத்துவிட்டு மண்ணில் ஊற்றியது. "அய்யோ, தண்ணி போவுது!" என்று நாலு லைனும் ஒரே குரலில் கத்தியது. சங்கத்தின் ஒற்றுமை அந்த ஒரு கூச்சலில்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் அதுவும் போய்விட்டது.

"தோ பாரு, அவங்க லைன் கொடம் ரொம்பி வழியுது. எங்குளுதுக்கு மட்டும் கழுத்து வரைக்கும்தானா?" என்றார் நெட்டை மனிதரின் மனைவி. அவரும் நெட்டை. கையில் அலுமினியத் தவலை. போன வாரம் மண்டையில் விழுந்த குடம் அவருடையது என்று பேச்சு.

"ஏம்மா, கண்ணு எங்க வெச்சினு பேசற?" என்றார் அண்ணி. "தண்ணி தரையில போவுது, வழியுதாம்!"

"உன் கொழுந்தன் ஊத்தறான், உன் கொடம் வழியாம இன்னா பண்ணும்?"

அண்ணி ஒரே எட்டில் போய்த் தலைவர் கையிலிருந்த பைப்பைப் பிடுங்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று நான் விசிலை ஊதினேன். யாரும் மதிக்கவில்லை.

"அவ்ளோ சந்தேகம்னா இந்தா, நீயே புடி! எங்க லைனுக்கு நீ ஊத்து, பாக்கலாம்!"

"ஊத்தறேன், குடு! பயமா எனக்கு?"

நெட்டையம்மா பைப்பை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் லைன் குடங்களுக்கு ஊற்ற ஆரம்பித்தார். எங்கள் லைனே சுற்றி நின்று அவர் கையைப் பார்த்தது. ஒரு சொட்டுக் குறைந்தால் பேச்சு வரும். ஒரு சொட்டுக் கூடினால் அவருடைய லைன் அவரைச் சும்மா விடாது. குடம் குடமாக, கழுத்தோடு நின்றது தண்ணீர்.

"அப்ப இவங்களுக்கு நான் ஊத்தறேன்" என்றார் அண்ணி, வீறாப்பு குறையாமல். தெலுங்கு லைனுக்கு அவர் ஊற்றினார். மாதா கோயில் லைனிலிருந்து ஒரு டீச்சரம்மா, "சேசுவே, அப்ப எங்குளுக்கு யாரு?" என்று கேட்க, கன்னட லைனின் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அந்தப் பெண்ணின் லைனுக்கு டீச்சரம்மா. யாருடைய தண்ணீரும் அவரவர் ஆள் கையில் இல்லை. சண்டை போட யாருக்கும் இடமில்லாமல் போயிற்று. ஆனாலும் வாய் சும்மா இல்லை. "எங்க ஊட்டுக்காரர் ஊத்தறப்பகூட இவ்ளோ நேரா நிக்காது" என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்த சிரிப்பில் லாரி டிரைவருக்கே வெட்கம் வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் ஜீப் வந்தது.

வெல்ஃபேர் ஆபீசர் வரிசையைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், ஈரச் சட்டையில் நின்ற என்னைப் பார்த்தார். "மெம்பர்ஸ் எங்கப்பா?"

நான் விசிலைச் சட்டைப் பைக்குள் ஒளித்தேன்.

"கண்ணுக்குத் தெரியலையா சார்?" என்றார் அண்ணி. "நாங்கதான்."

"லேடீஸுமா? உங்க சங்கத்துல லேடீஸ் உண்டா?"

அவர் தலைவரைப் பார்த்துத்தான் கேட்டார். நானும் தலைவரைப் பார்த்தேன். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து கொட்டகையின் வாசற்படியைப் பெண்கள் பெருக்கியதுண்டு, தாண்டியதில்லை. தலைவர் நனைந்த வேட்டியை உதறினார். ஒருமுறை இருமினார். "எஸ் சார்" என்றார்.

"நல்லது. ஞாயித்துக்கெழம உங்க கூட்டத்துக்கு வர்றேன். ஆம்பளைங்க, பொம்பளைங்க, நாலு லைனும் உக்காந்திருக்கறத என் கண்ணால பாத்துட்டு ரூமைப் பத்தி சொல்றேன்."

ஜீப் போனதும் தலைவர் என் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லிட்டேன்பா. ஞாயித்துக்கெழமைக்குள்ள அத நெசமாக்கு."

அந்த வாரம் நான் தூங்கினேனா என்று நினைவில்லை. ராத்திரி ஷிப்ட்காரர்கள் மூன்று பேரைப் பிடித்து உறுப்பினராக்கினேன், இன்னொரு முறை ஏமாறக் கூடாது என்று. ஆனால் கஷ்டம் அங்கே இல்லை. கஷ்டம் வீட்டில் இருந்தது.

"எம் பொண்டாட்டி கிளப்புல உக்காந்தா நான் எங்கடா உக்கார்றது?" என்றார் அண்ணன், சோற்றைப் பிசைந்தபடி.

"பக்கத்துலதான், ண்ணா."

"செட்டு என்ன கேலி பண்றானுங்க. எல்லாம் உன்னாலதான். நான் கைதூக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அண்ணி சோற்றுச் சட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். பெண்களுடைய நிபந்தனையை வெளியே குழாயடியில் டீச்சரம்மா என்னிடம் சொன்னார்: "பூசை முடிஞ்சு, சமையல் முடிஞ்சு மூணு மணிக்குத்தான் வருவோம். சும்மா எண்ணிக்கைக்கு வந்து உக்கார மாட்டோம் தம்பி. கையத் தூக்கறதுன்னா எங்க கையும் கைதான்." நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆட்டுகிற தலைக்கு அண்ணனும் செட்டும் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் பாக்கி.

லாரி வராத ஞாயிறு, மூன்று மணி. ஆண்கள் பெஞ்சுகளை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்னால் ஒரு பாய் விரித்து வைத்திருந்தார்கள். பெண்கள் பிள்ளை குட்டிகளோடு வந்தார்கள். நெட்டையம்மா பாயைப் பார்த்தார், நேராக முன்னால் வந்து, தன் கணவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். நெட்டை மனிதர் நகர்ந்து இடம் விட்டதைப் பார்த்து யாரோ விசிலடித்தார்கள். ஆபீசர் ஓரத்தில் நாற்காலியில், கையில் தொப்பியோடு.

தலைவர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"ஒரே வார்த்த. நாங்க ஷிப்ட்ல இருக்கறப்ப ஆள் இல்ல, ஒத்துக்கறேன். ஷிப்ட் இல்லாதப்ப நாங்க இருக்கோமே, அப்ப இவங்க எதுக்கு?"

"ஷிப்ட் இல்லாதப்ப நீங்க தூங்கறீங்க" என்றார் அண்ணி.

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. செட்டு மொத்தமும் அண்ணன் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தது. அண்ணன் உட்கார்ந்தார். கன்னடக்காரர் ஒருவர், "நிஜா, நிஜா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்மதிப்பவர்கள் கைதூக்கலாம் என்றார் தலைவர். நெட்டை மனிதரின் கையை அவர் மனைவியே பிடித்துத் தூக்கியதாகச் சிலர் இன்றும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அவராகத்தான் தூக்கினார். கைகள் மேலே போயின. அண்ணன் மேல்கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் காதைச் சொறிகிற மாதிரி ஒரு கையைத் தூக்கினார். நான் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

"ரேஷன் கடைக்கு வேற எடம் பாக்கறேன்" என்றார் ஆபீசர், தொப்பியை மாட்டிக்கொண்டு.

நான் மேஜை மேல் ஏறிக் குதித்திருப்பேன். அதற்குள் டீச்சரம்மா எழுந்து, "இன்னும் கூட்டம் முடியல" என்றார். ரூம் நமக்கு என்று ஆகிவிட்டதால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பேச வேண்டுமாம். காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டும். மதியம் கர்ப்பிணிகளைப் பார்க்க ஆஸ்பத்திரி நர்ஸம்மாவை வரவழைக்க வேண்டும். ஒரு தையல் மெஷின் கேட்டு வாங்க வேண்டும், அதைப் போட வெளிச்சமான மூலை வேண்டும். விளக்குக்கு நேர் கீழே இருக்கிற மூலை. என்னுடைய மூலை.

"சம்மதிக்கறவங்க?" என்றார் தலைவர். அவர் முகத்தில் சிரிப்பு வந்து நான் பார்த்தது அன்றுதான்.

கைகள் மறுபடியும் போயின. அண்ணனுடைய கை இந்தமுறை முதலில் போனது.

தையல் மெஷின் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. இப்போது கிளப்பில் நாலு லைனும் இருக்கிறது, எல்லா ஷிப்டும் இருக்கிறது, ஐந்தாவது லைன்காரர்கள் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வருகிறார்கள். நான் பெங்களூர்ப் பரீட்சைக்கு இரண்டாம் முறையாகப் படிப்பது தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் குவிந்த சைனைடு மேட்டின் நிழலில், சைக்கிளைச் சாய்த்துவைத்துக்கொண்டு. காற்றடித்தால் வெள்ளைப் புழுதி பக்கத்துக்குப் பக்கம் ஏறிவிடுகிறது. கோபம் வந்தால் புத்தகத்தை மூடிக்கொண்டு கிளப்புக்குப் போகிறேன், இது நான் காப்பாற்றிய கொட்டகை என்று யாரிடமாவது சொல்லிக்காட்ட. போன வாரமும் அப்படித்தான் போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஏதோ பெரிய வாக்குவாதம். நெட்டையம்மாவும் அண்ணியும் ஒரே கட்சியில் நின்று தலைவரை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா விஷயம்?" என்றேன் வாசலிலிருந்து.

"அப்பால சொல்றேன், ஓட்டுப் போடற நேரம்" என்று அன்று கர்ப்பிணியாக இருந்த கன்னட லைன் பெண் என்னிடம் வந்தாள். "செக்ரட்டரி, கை ஃப்ரீயாத்தானே இருக்கு? இந்தப் பாப்பாவ கொஞ்சம் புடிங்க, நான் கை தூக்கணும்."